அநியாயத்துக்குப் பெயர் வைத்தவர்

அவர் காதில் விழும்படி யாரும் ‘அநியாயம்’ என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தது. கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “என்ன மாதிரி அநியாயம்?” என்று கேட்பார். வயிற்று வலி என்று போனால் டாக்டர் எந்தப் பக்கம் வலிக்கிறது, குத்துகிறதா பிசைகிறதா என்று கேட்பாரே, அந்த மாதிரி.

எங்கள் அச்சகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரர் டீயை ஆற்றுகிற வேகத்தில் கிளாஸில் பாதிக்கு நுரைதான் நிற்கும். ஒரு நாள் எங்கள் மிஷின்மேன், “அண்ணாச்சி, நீரு பண்றது பெரிய அநியாயம்” என்று சத்தம் போட்டார். பக்கத்தில் நின்ற நம்மவர் தன் கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நுரை அடங்குகிற வரைக்கும் பொறுமையாக இருந்தார்.

“பெரிய அநியாயம் இல்ல. இது பகஸ” என்றார்.

“என்னது?”

“பகஸ. அரபி வார்த்தை, கொடுக்க வேண்டியதைக் குறைச்சுக் கொடுக்கிறது. பஸ்ராவுல ஈச்சம்பழ மூட்டையில இதைத்தான் பண்ணுவாக. இங்கிலீஷ்ல ‘டு கிவ் ஷார்ட் மெஷர்’.”

கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “ஏதோ நான் கொலை பண்ணிட்ட மாதிரி அவரு கத்துறாரு. நீங்கதான் சரியாச் சொன்னீக” என்று சொல்லிக் கிளாஸை நிரப்பினார். அதற்குப் பிறகு நுரை மிஞ்சினால் “அண்ணாச்சி, பகஸ!” என்று குரல் கொடுப்பது அந்தக் கடையில் வழக்கமாகிவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே நிரப்பிவிடுவார். ‘அநியாயம்’ என்று கத்தின காலத்தில் ஒரு சொட்டு கூடுதலாக விழுந்ததில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்கும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊருக்கு ராவுத்தர், எனக்கு ராவுத்தரண்ணன். அணா போய் நயா பைசா கைக்குப் பழகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் நான் டைப்பிஸ்ட். திருத்தங்கலிலிருந்து காலையில் பஸ் ஏறி வருவேன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்பதால் இங்கிலீஷ் வரும். நாக்கும் கொஞ்சம் நீளம். இரண்டாவதை நான் சொல்லவில்லை, என் அம்மா சொன்னது.

அவர் அங்கே புரூஃப் பார்ப்பவர். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், காலண்டர் என்று வெளியூரிலிருந்து எந்த பாஷையில் ஆர்டர் வந்தாலும் தமிழைத் தவிர மிச்சமெல்லாம் அவர் மேஜைக்குப் போகும். இளவயதில் இராக்கில் பஸ்ரா துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். அரபி ஓதுவதைச் சின்ன வயதில் பள்ளிவாசலில் கற்றார். அரபி பேசுவதைத் துறைமுகத்து மூட்டை தூக்கிகளிடம் கற்றார். இங்கிலீஷ், வெள்ளைக்கார அதிகாரிகளின் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. மூன்றும் கலந்த மனிதருக்கு இப்படி ஒரு கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதையும் அவரே சொல்லியிருக்கிறார். துறைமுகத்தில் தினமும் சண்டை. கூலிக்காரர்கள் வந்து முறையிட்டால் வெள்ளைக்காரனுக்கு இவர்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் சொன்னால் வெள்ளைக்காரன் கொட்டாவி விடுவானாம். பிடுங்கினான் என்றால் எங்கே என்று கேட்பானாம். குறைத்தான் என்றால் தராசைக் கொண்டுவரச் சொல்வானாம்.

“பேரு சரியா இருந்தாத்தான் தங்கச்சி, கேக்கிறவன் எந்திரிச்சு வருவான்” என்பார்.

நல்ல கொள்கைதான். ஆனால் அவர் கூடவே வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எனக்கே ஒரு முறை நடந்தது. என் மேஜை ஜன்னலோரம் இருந்தது. கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வந்தால் ஜன்னலோரத்தில் காலண்டர் பண்டல்கள் அடுக்கிக் கிடக்கின்றன. என் மேஜை மூலையில், ட்யூப் லைட் வெளிச்சம்கூட எட்டாத இடத்தில். நேராக அவரிடம் போனேன்.

“அண்ணே, இதுக்கு உங்க அரபியில பெரிய வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க.”

அவர் கண்ணாடியை ஏற்றினார். “முதலாளிகிட்ட வெளிச்சம் பத்தலைன்னு கேட்டியா?”

“நான் எதுக்குக் கேக்கணும்? அவுகளுக்கே தெரியாதா?”

“கேட்டு இல்லைன்னா அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. கேட்டு ஏசினா அதுக்கு வேற வார்த்தை. கேக்காத வரைக்கும் இதுக்கு வார்த்தையே கிடையாது. இது வெறும் இடைஞ்சல்.”

அன்று முழுக்க நான் அவருடன் பேசவில்லை. மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். “அட, சொல்லப்படாதா?” என்று பண்டலை எடுக்கச் சொல்லிவிட்டார். வேலை நடந்துவிட்டதே என்பதற்காக என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆறுதல் தேடிப் போனவள் கையில் அளவுகோலைக் கொடுத்தால் எரிச்சல் வராதா?

“உங்ககிட்ட வந்தா எந்த அநியாயமும் சின்னதாப் போயிருதுண்ணே” என்று பிறகு ஒரு நாள் சொல்லியே விட்டேன். “எல்லாத்துக்கும் மேல ஒரு வார்த்தை இருக்குங்கிறீகளே, ளலமன்னு. அதை எப்பத்தான் வெளிய எடுப்பீக?”

“அதை எடுத்த எடுப்புலே பொழங்கினா, வேணுங்கிறப்ப முனை மழுங்கிப் போயிருக்கும்” என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வந்து போகும். எனக்கு அது கடைசி வரை வரவில்லை; தமிழில் ‘ள’ போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன்.

அவர் மனைவிக்கும் இதே குறைதான். விருதுநகரில் அவர்களுக்குப் பூர்வீக வீடு ஒன்று உண்டு. இவர் பஸ்ராவில் இருந்த காலத்தில் தம்பி அதில் குடியேறியவர், அண்ணன் திரும்பி வந்த பிறகும் காலி செய்யவில்லை. இவர் சிவகாசியில் வாடகைக்கு இருந்தார். ஒரு ரம்ஜானுக்கு நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த அம்மா பிரியாணியைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னார்: “ஊராரு வயித்தெரிச்சலுக்கெல்லாம் பேரு வைக்கத் தெரியுது. சொந்த வீடு போனதுக்கு ஒரு பேரு சொல்லச் சொல்லு பாப்போம்.”

“பிடுங்குறதுக்குப் பேரு கஸப” என்று அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். “அவன் பிடுங்கலை. கூரை விழுந்துச்சு, போட்டான். சுவரு விழுந்துச்சு, கட்டுனான். எங்க அம்மாவைக் கடைசி வரைக்கும் வச்சுப் பாத்தான். அதுக்குள்ள வீடு அவன் மேல ஒட்டிக்கிருச்சு. இதுக்கு என்ன பேருன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“யோசிங்க, யோசிங்க. வாடகை நாம கொடுப்போம்” என்று அந்த அம்மா அவருக்கு இன்னொரு கறித்துண்டை எடுத்துப் போட்டார். கோபமாகப் போட்டதா பிரியமாகப் போட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

இப்படிப்பட்டவருக்கு என்றே ஓர் ஆர்டர் வந்தது. கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் அரபிப் பாடசாலை நடத்துகிறவர்கள், பிள்ளைகள் பார்த்துப் படிக்கச் சுவரில் மாட்டுகிற படங்கள் கேட்டிருந்தார்கள். சாப்பாட்டு வினைச்சொற்கள் ஒரு தாள், பிரயாண வினைச்சொற்கள் ஒரு தாள், அப்புறம் கொடுமை, அநீதி சம்பந்தப்பட்டவை ஒரு தாள். அரபிக்குப் பக்கத்திலேயே இங்கிலீஷ் அர்த்தம் வர வேண்டும். இங்கிலீஷை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். சாப்பாட்டையும் பிரயாணத்தையும் அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். மூன்றாவது தாளுக்கு வந்ததும் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். அத்தர் பூசிக்கொண்டுதான் வரவில்லை.

இங்கிலீஷ் அர்த்தங்களை டைப் அடிக்க வேண்டியவள் நான். அதனால் எங்களுக்குள் தினமும் வழக்கு.

“தகான்னா ஆத்துத் தண்ணி கரை மீறிப் போறது. மனுசனும் அப்படி மீறுவான். என்ன போடலாம்?”

“டு டிரான்ஸ்கிரெஸ்.”

“பலே. ஜாரன்னா நேர் வழியில போனவன் சாய்ஞ்சு போறது. தெரிஞ்சு செய்யணும்னு இல்ல, வேகத்துல சாய்வான். அதனால அடுத்தவனுக்குக் கெடுதல் வரும்.”

“டு டீவியேட்.”

“அதோட ‘ஃப்ரம் ஜஸ்டிஸ்’ சேத்துக்க. இல்லைன்னா பஸ்ஸு பாதை மாறிப் போனதுன்னு நினைப்பாக. அடுத்தது ஹளம. அடுத்தவன் உரிமையை ஜீரணம் பண்றது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டு டைஜஸ்ட்னு போடச் சொல்றீகளா? பாடசாலைப் பிள்ளைக வயித்துக்கு நல்லதுன்னு நினைக்கும்.”

“ஏன், நம்ம ஊர்ல ஏப்பம் விட்டுட்டான்னு சொல்றதில்லையா? அரபிக்காரன் ஜீரணத்தோட நிறுத்திட்டான், நாம ஏப்பம் வரைக்கும் போயிட்டோம்” என்றார். கடைசியில் ‘டு ஸ்வாலோ அனதர்ஸ் ரைட்’ என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

பெரிய சண்டை ளலமவுக்குத்தான் வந்தது. நான் ‘டு அப்ரெஸ்’ என்று அடித்துவிட்டேன். கூடாது என்றார். மேலே உட்கார்ந்து அமுக்குவதற்குத் தனியாக கஹர என்று ஒன்று இருக்கிறதாம், ‘அப்ரெஸ்’ அதற்குத்தான் போக வேண்டுமாம்.

“ளலமன்னா ஒரு பொருளை அதுக்குரிய இடத்துல வைக்காம வேற இடத்துல வைக்கிறது. அதுதான் எல்லா அநியாயத்துக்கும் தாய். பரிசைக் கொடுக்க வேண்டியவன்கிட்டக் கொடுக்காம, பழியைப் போட வேண்டியவன் மேல போடாம. ‘டு ராங்’னு போடு. சின்ன வார்த்தையா இருக்கட்டும். ஆனா தாளுக்கு நடுவுல, பெரிய எழுத்துல வரணும். மத்ததெல்லாம் அதைச் சுத்தி வரட்டும்.”

அப்படியே தயாராயிற்று. தாளின் தலையில் ‘பிஸ்மில்லாஹ்’ என்கிற வரி, நடுவில் ளலம, சுற்றிலும் அதன் பிள்ளை குட்டிகள்.

இதை அச்சுக் கல்லில் எழுத வேண்டியவர் எங்கள் ஆர்ட்டிஸ்ட். ராவுத்தரண்ணனை மாமா என்பார், அவர் இவரை மாப்ள என்பார். எங்கள் பக்கத்தில் சாதி மதம் தாண்டி அப்படி முறை வைத்துக் கூப்பிடுவது உண்டு. பட்டாசு லேபிளுக்கு லட்சுமி, குருவி, ரோஜாப்பூ என்று எது கேட்டாலும் போட்டுத் தருகிற கை. லித்தோவில் கல்லில் இருப்பது தாளில் திரும்பி விழும். அதனால் எழுத்தையெல்லாம் கல்லில் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி எழுத வேண்டும். அவருக்குத் தமிழும் இங்கிலீஷும் நேராக எழுதுவதைவிடத் திருப்பி எழுதுவதுதான் சுலபம். வீட்டுக்குக் கடிதம் எழுதினால்கூட முதல் எழுத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு அடிப்பார்.

கல்லில் எழுத ஆரம்பிக்கிற அன்று ராவுத்தரண்ணன் விருதுநகருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தங்கை மகளுக்கு நிக்காஹ். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆர்ட்டிஸ்ட்டிடம் வந்து, “மாப்ள, கவனமாப் பாத்து எழுது. இது நம்ம எழுத்து மாதிரி இல்ல, வலத்துல இருந்து இடத்துக்கு ஓடும்” என்றார். என்னிடம், “நான் வந்து புரூஃப் பாத்த பெறகு ஓட்டச் சொல்லு” என்றார். போய்விட்டார்.

நான் முதலாளியிடம் சொன்னேன். சொல்லி என்ன? தீபாவளி சீசன். பட்டாசு லேபிள் ஆர்டர் கழுத்துவரை நிற்கிறது. கல் காலியாக வேண்டும், மிஷின் காலியாக வேண்டும். “அவரு எழுதிக் கொடுத்ததைப் பாத்துத்தானே எழுதியிருக்கு, அதுல என்ன தப்பு வந்திரப் போகுது? ஓட்டு” என்றார் முதலாளி. இங்கிலீஷை நான் பார்த்தேன், ஒரு குற்றமும் இல்லை. அரபியைப் பார்க்க அந்த அச்சகத்தில் யாருக்குத் தெரியும்? பூ வேலை மாதிரி அழகாக இருந்தது. மொத்தத்தையும் ஓட்டிவிட்டார்கள்.

நிக்காஹ் முடிந்து, வாயில் வெற்றிலையும் கையில் இனிப்புப் பொட்டலமுமாக அவர் வந்தார். அடுக்கிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பார்த்தார். ஜன்னல் பக்கம் போய்த் தாளைத் திருப்பி வெயிலுக்கு நேரே பிடித்து, பின்பக்கம் வழியாகப் படித்தார். வெற்றிலையை மெல்லுவது நின்றுபோயிற்று.

“தங்கச்சி, அரபி அம்புட்டும் திரும்பி விழுந்திருக்கு.”

அடுத்த கால் மணி நேரத்தில் அச்சகமே கூடிவிட்டது. முதலாளி தாளைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், ஆர்ட்டிஸ்ட்டைப் பார்த்தார். “சாயந்தரம் உன் தூரிகையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிரு. நாளைக்கு வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

ஆர்ட்டிஸ்ட் கல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இருக்கிற தூரிகைகளைத் துடைக்க ஆரம்பித்தார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். சீசனுக்கு எல்லா அச்சகமும் ஆள் எடுத்து முடித்துவிட்ட நேரம். சீசன் நடுவில் வெளியே அனுப்பப்பட்டவன் என்றால் கை கெட்டவன் என்றுதான் ஊருக்குள் பேச்சு வரும். “இது அநியாயம்” என்று உரக்கவே சொன்னேன். ராவுத்தரண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஆர்ட்டிஸ்ட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“இங்கிலீஷைத் திருப்பினவன், அரபியை ஏன் மாப்ள திருப்பலை?”

ஆர்ட்டிஸ்ட் தூரிகையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நீங்கதானே மாமா சொன்னீக, இது வலத்துல இருந்து இடத்துக்கு ஓடுற எழுத்துன்னு. அப்ப அது ஏற்கெனவே திரும்பித்தான் இருக்கு, அப்படியே எழுதினாத் தாள்ல சரியா விழும்னு நினைச்சேன்.”

“இதை ஏன் முதலாளிகிட்டச் சொல்லலை?”

“உங்களைக் கோத்துவிட்ட மாதிரி ஆயிரும்ல.”

அவர் எழுந்து வெளியே போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கடையில் டீ வாங்கினார். பாதிக்கு மேல் நுரை. பகஸ என்று சொல்லவில்லை. நுரையையும் சேர்த்துக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, நேராக முதலாளி அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. அச்சகத்தில் மிஷினை நிறுத்தியிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

“முதலாளி, இங்கன இப்ப ஒரு ளலம நடக்கப் போகுது.”

எத்தனையோ சண்டைக்கும் முறையீட்டுக்கும் எடுக்காத வார்த்தை.

“யாரு, நானா?” முதலாளி குரல் ஏறியது. “கல்லுல தப்பா எழுதினவனைப் போகச் சொன்னா அது குத்தமா?”

“நீங்க செஞ்சது ஜார. அவசரத்துல சாய்ஞ்சு போனது. புரூஃப் பாக்காம ஓட்டுனீக, அம்புட்டுதான். அதுக்கு மேல பேரு வைக்க மாட்டேன். அந்தப் பையன் செஞ்சதுக்குப் பேரே கிடையாது, அவன் சொன்னதைச் செஞ்சான். வலத்துல இருந்து இடத்துக்கு ஓடும்னு பாதியைச் சொல்லிட்டு, அதையும் திருப்பி எழுதணும்னு மீதியைச் சொல்லாமப் பஸ் ஏறினது நானு. பழி வைக்க வேண்டிய இடம் இது. அவன் போறதைப் பாத்துக்கிட்டு நான் சும்மா இருந்தேன்னா, அதுக்குப் பேருதான் ளலம. அதைச் செய்யப் போறவன் நான்தான்.”

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது.

“அப்ப உம்மைத்தான் அனுப்பணும்” என்றார் முதலாளி.

“அனுப்புங்க.”

“விளையாட்டுக்குச் சொல்லலை ராவுத்தரே.”

“நானும் விளையாட்டுக்கு வரலை முதலாளி.”

அறை வாசலில் நான் போய் நின்றேன். முதலாளி நாற்காலியில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. “சரி, உம்மை அனுப்பிட்டேன்னே வச்சுக்கிருவோம். அதுக்கு உம்ம அரபியில என்ன வார்த்தை?” என்றார்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஏதாவது ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட்டுத் தப்பித்திருப்பார்கள். முதலாளியே கதவைத் திறந்துவிட்டாரே. இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

“அதுக்கு இந்தத் தாள்ல வார்த்தை இல்ல முதலாளி. அது நியாயம்” என்றார்.

முதலாளி முதலில் முறைத்தார். பிறகு மேஜையில் ஓங்கி அடித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். “உம்மை அனுப்பிட்டு அடுத்த கல்லை யாரை வச்சுய்யா பாப்பேன்? போய்யா. நீரு அவன் பக்கத்துலயே உக்காந்து, ஒவ்வொரு எழுத்தா எழுத வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். ஏலே, அவன் தூரிகையைத் துடைச்சது போதும்னு சொல்லு!”

கடைசி வரி எனக்குச் சொன்னதா, பொதுவாகச் சொன்னதா தெரியாது. நான் ஓடிப் போய்ச் சொன்னேன். ஆர்ட்டிஸ்ட் சிரிக்க முயன்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மசி பட்டு மூக்கு கறுப்பாகிவிட்டது.

கெட்டுப்போன அடுக்கை என்ன செய்வது என்பதற்கு சிவகாசியில் யோசிக்கவே வேண்டாம். அச்சடித்துக் கழிந்த தாளெல்லாம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும், அங்கே வெடிக்குச் சுருளாகச் சுற்றிவிடுவார்கள். ஆனால் ராவுத்தரண்ணன் தடுத்தார். தாளின் தலையில் ஆண்டவன் பெயர் இருக்கிறது.

“அதான் திரும்பி விழுந்திருச்சே மாமா, யாரும் படிக்கவா போறாக?” என்றார் ஆர்ட்டிஸ்ட்.

“திரும்பி இருந்தாலும் அவன் பேரு அவன் பேருதான் மாப்ள.”

கட்டிங் மிஷின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டின் தலைப்பட்டையையும் வெட்டச் சொல்லி, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டார். கால் படாத இடத்தில் புதைப்பது அவர்கள் வழக்கம். பள்ளிவாசல் மதிலோரம் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, மிச்சத் தாளை ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்தார்.

“கஹர, கஸப, பகஸ, தகா. நல்ல வார்த்தை ஒண்ணுகூட இல்ல. தாராளமா வெடிக்கச் சொல்லு” என்றார்.

ஆர்ட்டிஸ்ட் புதுக் கல்லில் எழுதினார். ராவுத்தரண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார். படங்கள் நல்லபடி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த வருஷ தீபாவளிக்கு ஆர்ட்டிஸ்ட் எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் போனபோது தெருவே காகிதமாகக் கிடந்தது. பிள்ளைகள் வெடித்து முடிக்கிற தறுவாய். நான் குனிந்து பார்த்தேன். எங்கள் தாள்தான். என் கண்ணால் சரிபார்த்த இங்கிலீஷ், துண்டு துண்டாக. ஒன்றில் ‘ஸ்வாலோ’ மட்டும் கருகாமல் இருந்தது. எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். இத்தனை கொடுமைகளை ஒரே காலையில் தூள் பண்ணிவிட்டார்கள் என் ஊர்ப் பிள்ளைகள்.

ஒரு வெடி மட்டும் திரி எரிந்தும் வெடிக்கவில்லை. சின்னவன் எடுக்க ஓடினான். ஆர்ட்டிஸ்ட் போட்ட சத்தத்தில் அவன் மட்டுமில்லாமல் நானும் நின்றுவிட்டேன். வாளித் தண்ணீரை அதன் மேல் கொட்டி, எடுத்து வாளிக்குள்ளேயே போட்டுவிட்டார். சிவகாசிக்காரனுக்கு அது சொல்லித் தர வேண்டியதில்லை. நாங்கள் உள்ளே போய் அதிரசம் சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி, வெளியே வரும்போது அது நன்றாக ஊறிப்போயிருந்தது. ஆர்ட்டிஸ்ட் மருந்தைத் தண்ணீரோடு கழுவிவிட்டு வெறும் காகிதத்தை நீட்டினார். ராவுத்தரண்ணன் அதைப் பக்குவமாகப் பிரித்து, பின்பக்கமாகத் திருப்பி வெயிலில் பிடித்தார்.

“என்ன வார்த்தைண்ணே?”

“ளலம.”

நான் கதை கட்டுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். தாளில் அதுதான் நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது, எந்தச் சுருளில் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. இருந்தாலும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவருக்கும்தான். முகம் வாடிப்போயிற்று.

“பாத்தியா தங்கச்சி, பிள்ளை குட்டியெல்லாம் வெடிச்சிருச்சு. தாய் மட்டும் வெடிக்கலை” என்றார்.

ஆர்ட்டிஸ்ட் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

“வெடிக்காதது நல்லதுதானே மாமா. அன்னைக்கு அச்சகத்துல அது வெடிச்சிருந்தா, இன்னைக்கு இந்த வீட்டுல ஏது தீபாவளி?”

வார்த்தை சரியில்லை என்று இதையும் திருத்துவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி நெற்றிக்கு ஏறவில்லை. ஈரக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சரி மாப்ள” என்று மட்டும் சொன்னார்.